சோளக்குழிக்குப் பக்கத்திலே ஒரு லேத்து

இப்பெல்லாம் லாரியிலேயே கிரேனைப் பூட்டிக் கொண்டாந்துர்றாங்க. போன ஆயுத பூசைக்குப் பழைய கடையில இருந்து கூப்பிட்டிருந்தாங்கன்னு சேலத்துக்குப் போயிருந்தேன். கண்ணு முன்னாலேயே ஒரு ஆளு, ஒரே ஆளு, கைப்பிடியை அக்கட்ட இக்கட்ட ஆட்டி இரும்பு கடையற ஒரு பெரிய லேத்தை லாரியில இருந்து தூக்கிப் பட்டறை வாசல்ல வெச்சுட்டு, வேட்டியில அழுக்குப் படாமப் போயி டீக் குடிச்சான். நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். எனக்குப் பொறாமையே வந்துருச்சு போங்க.

அங்க இருந்த சின்ன வயசு ஃபிட்டருங்க நாலஞ்சு பேரு என்னைச் சுத்திக்கிட்டாங்க. ஊடுகள்ள பட்டறை போடறவங்களுக்கு மிஷின் எறக்கிக் குடுத்த ஆளு நானுன்னு கடையில யாரோ சொல்லிட்டாங்களாட்ட இருக்குது. கிரேன் நொழையாத ஊட்டுக்குள்ள அப்போ எப்படிங்க கொண்டு போனீங்க, கை காலு போகாம எப்படிங்க தப்பிச்சீங்கன்னு கேட்டாங்க. அன்னைக்கு எனக்கு ஒழுங்காப் பதில் சொல்ல வரலை. ஊட்டுக்கு வந்து உக்காந்து யோசிச்சுப் பார்த்தேன். நான் தப்பிச்சது என் கெட்டிக்காரத்தனத்துல இல்லை. ரெண்டு பேரால. ஒருத்தரு எங்க மேஸ்திரி. இன்னொருத்தங்க புதுச்சத்திரத்துக்கு உள்ள தள்ளி ஒரு ஊட்டுல இருந்த அம்மா. அவங்க ரெண்டு பேரையும் சொல்லிட்டா நான் சொல்ல வேண்டியது முடிஞ்சுரும்.

என் கதை சின்னது. எங்க காட்டுல மழை தப்பிப் போன வருசம், சேலம் ரயிலடிக்கு மூட்டை தூக்கப் போனேன். வேகன்ல வர்ற எண்ணெய் எஞ்சினு, லேத்து, நெல்லுக் குத்தற மிஷினு இதையெல்லாம் எறக்கறதுக்கு ஒரு கடையில இருந்து ஆளுங்க வருவாங்க. ஒருக்கா அவங்களுக்கு ஆளு கொறைஞ்சு போயி என்னைக் கூப்பிட்டாங்க. போனவன் அங்கேயே ஒட்டிக்கிட்டேன். மொதல்ல கயித்து முடிச்சு, அப்பறம் கடப்பாறை, அப்பறம் கனம் தூக்கற செயின் பிளாக்குன்னு ஒவ்வொண்ணா கைக்கு வந்துச்சு. எனக்குக் கல்யாணம் ஆன சமயத்துல, மிஷினுக்குக் கீழ படுத்துக் கல்லுக் கட்டை குடுக்கற வேலைக்கு ஏத்திவிட்டாங்க. என்ற சம்சாரத்துக்கு அந்த வேலை கடைசி வரைக்கும் புடிக்கவே இல்லை. புடிக்கலைன்னு தெனமும் சொல்லிக்கிட்டே சோத்துப் போசியைக் கட்டிக் குடுப்பா.

மேஸ்திரி பேரு செங்கோடன். சங்ககிரிப் பக்கத்துக்காரரு. ஆளு ஒல்லி. அவரைப் பார்த்தா ஒரு குடம் தண்ணி தூக்குவாரான்னு சந்தேகமா இருக்கும். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. எங்க பக்கத்துல பெரியவங்க சின்னவங்க எல்லாத்தையுமே சாமின்னுதான் கூப்பிடுவோம். அவரு ஒரு படி மேலே போயி மிஷினையும் சாமின்னுதான் சொல்லுவாரு. "வாங்க சாமி, சித்தெ இக்கட்ட வாங்க, அவசரமில்லீங்க" அப்படின்னு இரும்புக்கிட்ட மரியாதையாப் பேசுவாரு. புதுசா பார்க்கறவங்க சிரிப்பாங்க. நானும் மொதல்ல சிரிச்சவன்தான். நாள் போகப் போகத்தான் வெளங்குச்சு, அந்த மாதிரி மெதுவாப் பேசற எடத்துல எங்களால கத்திப் பேசவோ அவசரப்படவோ முடியலை.

அவரு வேலை பார்க்கற விதத்தைச் சொல்றேன். ஒரு ஊட்டுக்கு மிஷின் போகுதுன்னா, ரெண்டு நாளு முன்னாடியே வெறுங்கையோட போவாரு. அந்த ஊட்டுல தண்ணி வாங்கிக் குடிப்பாரு. குடிச்சுக்கிட்டே வாசக்கால் அகலம், செவுரு மண்ணா கல்லா, கூரை மரம் எப்படி எல்லாத்தையும் பார்த்துருவாரு. அப்பறம் மிஷின் போற வழி நெடுவுலயும் கடப்பாறையைத் தூக்கித் தூக்கி நட்டமா விடுவாரு. விட்டுட்டுத் தலையைச் சாய்ச்சுச் சத்தத்தைக் கேப்பாரு. எலி வளை இருந்தாலும், பழைய சாக்கடை இருந்தாலும், மண்ணு கொட்டி மேவின எடமா இருந்தாலும் அந்தச் சத்தத்துல தெரிஞ்சுரும். நல்ல எடத்துக்குச் சுண்ணாம்புல ஒரு கோடு போடுவாரு. அந்தக் கோட்டை விட்டு மிஷின் ஒரு விரக்கடை நகரக் கூடாது.

செயின் பிளாக்கை மாட்டறதுக்கு முன்னாடி சங்கிலியைக் கண்ணை மூடிக்கிட்டு விரலுக்கு நடுவுல உருவுவாரு. கண்ணு ஏமாத்தும், விரலு ஏமாத்தாதுங்கறது அவரு கணக்கு. குழாய் உருளையைப் போட்டு மிஷினைத் தள்ளும்போது உள்ளங்கையாலதான் தள்ளோணும், விரலை மடக்கிப் புடிக்கக் கூடாது. உருளையை முன்னாடி வெக்கறவன் பக்கவாட்டுல நின்னுதான் வெக்கோணும். தூக்கறதுக்கும் எறக்கறதுக்கும் ஒரே ஒருத்தரு குரல்தான். அவரு "ம்" அப்படின்னா தூக்கு, கையை விரிச்சா நில்லு. கல்லு மேல உக்கார வெச்சதுக்கு அப்பறம் ரசமட்டத்தை நாலு பக்கமும் வெச்சுப் பார்ப்பாரு. உள்ள இருக்கற குமிழி நடுவுல வந்து நிக்கற வரைக்கும் தகடு வெச்சுச் சரி பண்ணிக்கிட்டே இருப்போம். ஊட்டுக்காரங்க பொறுமை இழந்து போவாங்க, அவரு இழக்க மாட்டாரு.

எல்லா எடத்துலயும் நெனைச்ச மாதிரி நடக்காது. ஆத்தூர்ல ஒரு ஊட்டுக்கு நெல்லுக் குத்தற மிஷின் கொண்டு போனோம். நல்ல நேரம் முடியறதுக்குள்ள மிஷின் உள்ள போயாகோணும்னு ஊட்டுக்காரரு ஒத்தைக் காலுல நின்னாரு. மிஷின் வாசக்கால்ல சிக்கிக்கிச்சு. நாங்க அவசரப்படுவோம்னு பார்த்தா, மேஸ்திரி ஊட்டுக்காரரைக் கூப்பிட்டு, பாதி உள்ள வந்துட்டாங்க, உள்ள வந்த பாதிக்குத் தேங்காயை ஒடைச்சுருங்க சாமின்னாரு. அவரும் ஒடைச்சாரு. எல்லாத்துக்கும் திருப்தி. அப்பறம் நிதானமா வாசக்காலைப் பேத்து உள்ள கொண்டு போனோம்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில இன்னொருத்தரு எஞ்சினை மாட்டுக் கட்டுத்தறிக்கு ஒட்டின மாதிரியே வெச்சுத் தரச் சொன்னாரு. வேண்டாங்கன்னு மேஸ்திரி மூணு விசை சொன்னாரு. கேக்கலை. எஞ்சின் ஓடுன மொத நாளே பசு கயித்தை அத்துக்கிட்டுக் கரட்டுப் பக்கம் ஓடிப் போச்சு. அடுத்த வாரம் போயி எஞ்சினைக் கெளப்பி அக்கட்ட வெச்சுட்டு வந்தோம். மேஸ்திரி அவருகிட்ட ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. பசு வந்துருச்சுங்களான்னு மட்டும் விசாரிச்சாரு.

இப்போ புதுச்சத்திரத்து விசயத்துக்கு வாரேன்.

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த நேரம். பெட்ரோல் கெடைக்காம பஸ்ஸெல்லாம் கரிப்புகையில ஓடுச்சு. தேஞ்சு போன பாகத்துக்குச் சீமையில இருந்து புதுசு வராது, இங்கேயே கடைஞ்சு போட்டாத்தான் உண்டு. பொன்னுசாமின்னு ஒருத்தரு சேலத்துல பஸ்ஸுப் பட்டறையில வேலை பழகினவரு. சொந்த ஊட்டுலேயே பட்டறை போட்டுக்கறேன்னு எங்க கடையில ஒரு பழைய லேத்தை வாங்குனாரு. அவருக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் குப்பண்ணக் கவுண்டரும் அண்ணி பாவாயியும்தான் வளர்த்தாங்க. ஊட்டை ஒட்டி இருந்த மாட்டுக் கொட்டாயைத் தம்பிக்குப் பட்டறையா ஒழிச்சுக் குடுத்திருந்தாங்க. கொட்டாய்க்கு நாலு பக்கமும் மண் செவுரு, கெழக்கால ஒரு சன்னல், தரை சாணி போட்டு மொழுகினது.

மேஸ்திரி வழக்கம் போல முன்னாடியே போயிப் பார்த்துட்டு வந்துட்டாரு. மேக்கால செவுத்தோரம் நல்ல கெட்டித் தரை, அங்கதான் வெக்கோணும்னு கோடு போட்டாச்சு. அந்த எடத்தைக் காட்டுனதே அண்ணன்காரருதான்னு பின்னாடி சொன்னாரு. அவரு அந்த எடத்தைக் காட்டுனதுக்குக் காரணம் இருந்துச்சு. எங்களுக்கு அன்னைக்குத் தெரியாது. உங்களுக்கு இப்பவே சொல்லிர்றேன்.

எங்க பக்கத்துல சோளத்தைப் பூமிக்குள்ள வெக்கற வழக்கம் உண்டு. வாய் சின்னதா வயிறு பெருசா, பானை மாதிரி குழி வெட்டுவாங்க. சுத்தியும் வைக்கோல் குடுத்து, தவசத்தைக் கொட்டி, வாயில ஒரு பலகைக் கல்லைப் போட்டு, மேல மண்ணைத் தள்ளி மொழுகிருவாங்க. வருசம் கழிச்சு எடுத்தாலும் பூச்சி இருக்காது. யுத்த காலத்துல ஊட்டுல எத்தனை தவசம் இருக்குதுன்னு கணக்குக் குடுக்கோணும், சொன்னதுக்கு மேல இருந்தா அளந்து எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க, ஒளிச்சு வெச்சிருந்தா கேசும் போடுவாங்க. ரெண்டு வருசமா அந்தப் பக்கம் மழை இல்லை. குப்பண்ணக் கவுண்டரும் பாவாயியும் இருந்த சோளத்தை மாட்டுக் கொட்டாய்க்குள்ள, கெழக்குச் சன்னலுக்குக் கீழே, குழி வெட்டி மூடிட்டாங்க. தம்பிக்கே தெரியாது. அவரு வெகுளி, மனசுல ஒண்ணு தங்காது, சந்தையில போயிச் சொல்லிருவாருன்னு பயம். ஒளிச்சது சரியா தப்பான்னு சட்டம் படிச்சவங்க சொல்லட்டும். அந்த ஊட்டுல சின்னதுங்க மூணு இருந்துச்சு, அது எனக்குத் தெரியும்.

லேத்தை மாட்டு வண்டியில கொண்டு போனோம். பதினஞ்சு மூட்டை நெல்லு கனம் இருக்கும். மாடுக புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேர்ந்துச்சுங்க. ஊரே தெரண்டு வந்து நின்னுது. லேத்துன்னா என்னன்னு பார்த்தே இராத சனம். நாங்க வாசல் செவுத்தைக் கொஞ்சம் இடிச்சு வழி பண்ணி, பலகை விரிச்சு, மேல குழாய் உருளை போட்டு மிஷினை உள்ள தள்ளிக்கிட்டிருந்தோம். அப்போ பொன்னுசாமி கும்புட்டுக்கிட்டே ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ஊர் மணியகாரரு. வரி வாங்கறதும் அவருதான், யாரு ஊட்டுல எத்தனை தவசம்னு கணக்கு எடுக்கறதும் அவருதான். தேங்காய் ஒடைக்கறதுக்குப் பெரிய மனுசன் வேணுமேன்னு நம்ம பொன்னுசாமி அவரைப் போயி அழைச்சுட்டாரு. குப்பண்ணக் கவுண்டர் மொகம் அப்பவே கறுத்துப் போச்சு. நான் அதை வெயில்னு நெனைச்சேன்.

மணியகாரரு பெஞ்சியில உக்காந்து சித்த நேரம் பார்த்தாரு. சும்மா இருக்கலாமில்லை? மேக்குச் செவுத்துல வெச்சு மேக்கப் பார்த்தா தொழில் பண்றது, கெழக்குச் சன்னலோரம் வைங்கப்பா, காத்தும் வரும் வெளிச்சமும் வரும்னாரு. பொன்னுசாமிக்கு அது வேத வாக்கு. ஆமாங்க, அங்கேயே வெச்சுரலாமுங்கன்னுட்டாரு. குப்பண்ணக் கவுண்டர் மெல்ல வந்து, மேஸ்திரி பார்த்துக் கோடு போட்ட எடமுங்களே, அதை ஏனுங்க மாத்திக்கிட்டுன்னு இழுத்தாரு.

மணியகாரரு சிரிச்சுக்கிட்டே, "ஏன் குப்பண்ணா, அங்க புதையல் கிதையல் வெச்சிருக்கிறயா?" அப்படின்னாரு.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். குப்பண்ணக் கவுண்டரும் சிரிக்கற மாதிரி வாயைத் தொறந்தாரு. அப்பறம் ஓரமாப் போயி நின்னுக்கிட்டாரு.

மேஸ்திரிக்குப் புடிக்கலை. கோடு மாறுனா அவருக்குப் புடிக்காது. இருந்தாலும் ஊட்டுக்காரங்க எடம், பெரிய மனுசன் சொல்லு. கடப்பாறையை எடுத்துக்கிட்டுச் சன்னலோரம் போயி நட்டமா விட்டாரு. கூட்டம் சளசளன்னு பேசிக்கிட்டிருந்துச்சு. அமைதியா இருங்க சாமின்னு கேட்டுக்கிட்டு இன்னொருக்கா விட்டாரு. குழி நெறைய சோளம் இருந்தா சத்தம் வெறும் குழியாட்டம் கேக்காது. ஆனாலும் அவரு மொகம் தெளியலை. குப்பண்ணக் கவுண்டரைப் பார்த்து, இங்க கீழ என்னமாச்சும் இருக்குதுங்களான்னு கேட்டாரு. கேக்கற எடத்துக்கும் மணியகாரரு பெஞ்சிக்கும் ரெண்டு எட்டுதான் இருக்கும். "ஒண்ணுமில்லீங்க, கொட்டாய்த் தரைதானுங்க" அப்படின்னாரு கவுண்டரு. நான் இன்னைக்கும் அந்த மனுசனைக் குத்தம் சொல்ல மாட்டேன். வேற என்ன சொல்லுவாரு?

மிஷினைப் பலகையோட சன்னலோரம் கொண்டு வந்து நிறுத்துனோம். அதுக்கு மேல மூணு மரத்தை முக்காலியாக் கட்டி நட்டு, உச்சியில செயின் பிளாக்கை மாட்டி, மிஷினை ஒரு சாண் தூக்குனோம். பலகையும் உருளையும் கீழேயே கெடந்துச்சு. முக்காலியோட ஒரு காலு எங்க நின்னுதுன்னா, சரியா அந்தக் குழிக்கல்லு ஓரத்துல. மொத்தக் கனத்துல மூணுல ஒரு பங்கு அந்தக் காலு வழியா எறங்குது. அதுக்கு மேல மிஷினோட பெரிய தலைப்பக்கத்துக் காலும் அதே கல்லு மேலதான் வந்து உக்காரணும். நான் குப்புறப் படுத்து, அந்தத் தலைப்பக்கத்துக்குக் கீழே தோள் வரைக்கும் கையை விட்டு, கல்லுக் கட்டையை நகர்த்தி வெச்சுக்கிட்டிருந்தேன். தரை ஒரு விரக்கடை எறங்கியிருந்தாக்கூட முக்காலி சாஞ்சிருக்கும். சாஞ்சிருந்தா என்னைக் கூட்டித்தான் அள்ளியிருக்கோணும்.

ஆளுங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாந்தாங்க பாவாயி. இடுப்புல குடம். வெளி ஆம்பளைங்க இருக்கற எடத்துக்கு அவங்க வரமாட்டாங்க, வாசல்லயே வெச்சுட்டுப் போயிருவாங்க. அன்னைக்கும் வாசல்ல நின்னாங்க. உள்ள பார்த்திருக்கறாங்க. மிஷின் சன்னலோரத்துல தொங்குது, கீழ ஒருத்தன் படுத்திருக்கறான், புருசன் மொகத்துல ரத்தமே இல்லை, எதுத்தாப்புல மணியகாரரு உக்காந்திருக்கறாரு. என்ன நெனைச்சாங்களோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு நேரா உள்ள நடந்து வந்தாங்க. கூட்டம் விலகுச்சு. முக்காலி காலுக்கிட்ட வந்து, குடத்தைச் சாய்ச்சுட்டாங்க. தவறி விழுந்த மாதிரிதான் இருந்துச்சு. முழுக் குடம்.

தண்ணி தரையில பரவி என் நெஞ்சுக்குக் கீழ வரும்னு எதிர்பார்த்து நான் ஒடம்பைத் தூக்குனேன். வரலை. சாணி மொழுகினதுக்கு அடியில வட்டமா ஒரு கோடு புடிச்சு ஓடி, களுக்களுக்குன்னு உள்ள எறங்கிப் போயிருச்சு. நான் படுத்திருந்ததால எனக்கு அது நல்லாத் தெரிஞ்சுது. மேலே பார்த்தேன். மேஸ்திரியும் அந்த வட்டத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு. அவரு கை சங்கிலியில இருந்துச்சு, அசையலை.

"கையை எடுங்க சாமி. மெல்ல," அப்படின்னாரு.

எடுத்தேன். உருண்டு வெளிய வந்தேன். அவரு மிஷினைக் கீழ கெடந்த பலகை மேலேயே நூலுப் புடிச்ச மாதிரி எறக்குனாரு. பலகை நீளமானது, கனத்தைப் பரப்பிக்கிச்சு. அப்பறம் அவரு செஞ்ச காரியத்தை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். என்னைக்கும் சத்தம் போடாத மனுசன், அந்த அம்மாவைப் பார்த்துக் கத்துனாரு.

"கண்ணு தெரியலீங்களா? ஆளு படுத்திருக்கற எடத்துல வந்து தண்ணியைக் கொட்டறீங்களே, ஒரு வெவஸ்தை வேண்டாமா?"

எங்க ஆளுங்களுக்கே தூக்கிவாரிப் போட்டுது. அந்த அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெறுங்குடத்தோட வெளிய போயிட்டாங்க. பொன்னுசாமிக்கு ஆத்திரம், என்ற அண்ணியை இப்படி வைய நீங்க யாருன்னு மல்லுக்கு வந்துட்டாரு. மேஸ்திரி அதைக் காதுலயே வாங்கலை. மூலையில கெடந்த சாம்பலையும் மண்ணையும் மண்வெட்டியில அள்ளி அள்ளி அந்த வட்டத்து மேல கொட்டுனாரு. ஈரம் எங்க போச்சுன்னு யாரும் பார்க்கறதுக்குள்ள மூடிட்டாரு. மூடிட்டு மணியகாரரு முன்னாடி போயிக் கைகட்டி நின்னு, ஈரத்தரையில முக்காலி வழுக்குமுங்க, பழைய எடத்துக்கே கொண்டு போறமுங்க, ஆனா நீங்க சொன்ன மாதிரி கெழக்குப் பார்த்து நின்னு வேலை செய்யறாப்புல திருப்பி வெச்சுக் குடுத்தர்றமுங்கன்னாரு. மணியகாரருக்குத் தன் பேச்சு நின்னா போதும். சரி சரின்னாரு.

மேக்கால செவுத்துல இருந்து தள்ளி, கெழக்குப் பார்த்து நிக்கற மாதிரி மிஷினை உக்கார வெச்சோம். மணியகாரரு தேங்காய் ஒடைச்சாரு, அது ஒரே அடியில ரெண்டாச்சு, நல்ல சகுனம்னு எல்லாரும் சொன்னாங்க. பாயசம் குடிச்சுட்டுக் கெளம்புனாரு. கூட்டமும் கலைஞ்சுது. மேஸ்திரி குப்பண்ணக் கவுண்டர் பக்கத்துல போயி, எத்தனை ஆழமுங்கன்னு மட்டும் கேட்டாரு. அவ்வளவுதான். கவுண்டரு அப்படியே பெஞ்சியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்து அழுதுட்டாரு. சொல்லணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சுங்க, சின்னதுங்க மொகம் வந்து நின்னுக்கிச்சுங்கன்னாரு. பொன்னுசாமிக்கு அப்பத்தான் விசயமே தெரிஞ்சுது. மல்லுக்கு வந்தவரு மேஸ்திரி கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லை.

அடுத்த வேலை பாவாயி அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கறது. மேஸ்திரி ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளிப் பக்கம் போயி நின்னாரு, நானும் பின்னாடியே போனேன். பொறுத்துக்கோங்க தாயி, அத்தனை பேரு முன்னாடி வஞ்சு போட்டேன்னாரு. அந்த அம்மா பாத்திரம் வெளக்கிக்கிட்டே, "நல்லாவே வையலீங்க. இன்னும் ரெண்டு வார்த்தை வஞ்சிருந்தா மணியகாரரு பாயசத்துக்கு நிக்காமப் போயிருப்பாரு," அப்படின்னாங்க. மேஸ்திரி சத்தமாச் சிரிச்சதை அன்னைக்குத்தான் நான் கேட்டேன்.

ஆனா சோளத்துல தண்ணி எறங்கிப் போச்சே. விட்டா ஊறி, சூடேறி, குழி மொத்தமும் கெட்டுப் போகும். அந்த அம்மாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுதான் ஊத்துனாங்க. மேஸ்திரி யோசிச்சாரு. மிஷின் காலுக்குச் சுண்ணாம்புக் காரை குடுத்திருக்குது, இறுகற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது, அதிர்ச்சி ஆகாதுன்னு ஊருக்குச் சொல்லச் சொல்லிட்டு, இடிச்ச வாசல்ல எங்க தார்ப்பாயைக் கட்டிட்டாரு. அதுக்குள்ள உக்காந்து குழியைத் தொறந்தோம். பலகைக் கல்லை நெம்பித் திருப்புனோம். நடுவுல பழைய விரிசல் ஒண்ணு ஓடி இருந்துச்சு. திருப்பிப் போட்ட அதிர்ச்சியிலேயே கல்லு ரெண்டா விண்டு போச்சு. முக்காலி காலு நின்ன எடம் அந்த விரிசலுக்குப் பக்கத்துலேயேதான்.

தொறந்த குழிக்குள்ள சட்டுன்னு எறங்கக் கூடாது, உள்ள இருக்கற காத்து ஆளைக் கொன்னுரும். அது அந்த ஊட்டுக்காரங்களுக்குத் தெரியும். பாவாயி அம்மா கயித்துல விளக்கைக் கட்டி விட்டாங்க, அணைஞ்சுது. பொறுத்திருந்து மறுபடி விட்டாங்க, மறுபடியும் அணைஞ்சுது. விளக்கு நின்னு எரிஞ்ச பொறகுதான் புருசனை எறங்க விட்டாங்க. எங்க மேஸ்திரி சங்கிலியை உருவற மாதிரியே, அவசரமே இல்லாம, அவங்க அந்த விளக்கை விட்டதை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். நல்லவேளை, மேலே ரெண்டு சாண் சோளம்தான் நனைஞ்சிருந்துச்சு. நனைஞ்சதை அள்ளி எடுத்துட்டு, மீதி காஞ்சு கெடந்ததை அப்படியே விட்டு, எங்ககிட்ட இருந்த கெட்டி மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு வாயை மூடி மொழுகிக் குடுத்தோம். கடையில கட்டை எங்கன்னு கேட்டப்போ, வழியில வண்டி அச்சுக்கு முட்டுக் குடுத்துட்டோம்னு மேஸ்திரி சொல்லிட்டாரு.

அதுக்கு அப்பறம் எங்க வேலையில ஒண்ணு மாறிப் போச்சு. எந்த ஊட்டுக்கு மிஷின் கொண்டு போனாலும், கடப்பாறையைத் தூக்கறதுக்கு முன்னாடி அந்த ஊட்டுப் பொம்பளைங்களைத் தனியாக் கேப்போம், இங்க கீழ என்ன இருக்குதுங்கன்னு. ஆம்பளைங்களுக்குத் தெரியாததெல்லாம் வெளிய வரும். ஒரு ஊட்டுல கொழந்தைக தொப்புள்கொடி பொதைச்ச எடம்னு சொன்னாங்க, மிஷினை நகர்த்தி வெச்சோம். இன்னொரு ஊட்டுல பழைய கெணத்தை மூடி மேவி வெச்சிருந்தது அப்படித்தான் தெரிஞ்சுது. மேஸ்திரி காலமான பொறகு நான் மேஸ்திரியானேன். நானும் அதை விடலை. என் கைக்குக் கீழ வேலை பார்த்தவங்க ஒருத்தருக்கும் ஒரு நகம் பேந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லலை. சேலத்துல என்னைச் சுத்திக்கிட்ட ஃபிட்டருங்க கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கிரேன் வந்தாலும் தரைக்குக் கீழ என்ன இருக்குதுன்னு கிரேனுக்குத் தெரியாதுங்க.

பொன்னுசாமி லேத்து நல்லா ஓடுச்சு. அந்தப் பக்கத்துப் பஸ்ஸுக்கெல்லாம் அவருதான் சாமான் கடைஞ்சு குடுத்தாரு. அடுத்த மழை வர்ற வரைக்கும் அந்தக் குழிதான் அந்த ஊட்டுக்குச் சோறு போட்டுதுன்னு பின்னாடி கேள்விப்பட்டேன்.

பொன்னுசாமி ஊட்டுல காரை இறுகற வரைக்கும் நாங்க அங்கேயேதான் இருந்தோம். நனைஞ்ச சோளத்தைத் திருப்பி வெக்க முடியாது. சரி, ஊறின சோளம் குத்தறதுக்கு லேசுதானேன்னு பாவாயி அம்மா அன்னைக்கே ஒரல்ல போட்டுக் குத்தி, களி கிண்டி, எங்க எல்லாத்துக்கும் போட்டாங்க. தொட்டுக்கப் புளிச்சாறு. எல்லாரும் தின்னுக்கிட்டிருந்தாங்க. நான் தட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வருசச் சோத்துல தண்ணி ஊத்துன அம்மா, அந்தச் சோத்தையே எனக்கு எடுத்துப் போடறாங்க. நன்னி கின்னின்னு எங்க பக்கத்துல வாய்விட்டுச் சொல்லிப் பழக்கம் இல்லை. அதனால, எப்படிங்க மனசு வந்துச்சு உங்களுக்குன்னு கேட்டுட்டேன்.

அந்த அம்மா அகப்பையைப் புடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தாங்க. நான் ஏதோ கேக்கக் கூடாததைக் கேட்ட மாதிரி இருந்துச்சு அந்தப் பார்வை.

"உங்க கை உள்ள இருந்துச்சுங்களே," அப்படின்னாங்க.

எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. இன்னொரு உருண்டை போடுங்கம்மான்னு தட்டை நீட்டுனேன். போட்டாங்க.